எண்ணப்படாத வீடுகள்: பம்பாய் நடைபாதை மக்களின் வரலாறும் நம் முஹல்லாக்களும்



மதீனாவில் ஒருமுறை அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வோர் அனைவரின் பெயர்களையும் எழுதித் தருமாறு தோழர்களைப் பணித்தார்கள். அவ்வாறு எழுதியபோது 1,500 ஆண்கள் என்று கணக்கு வந்ததாக ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஜிஹாதைப் பற்றிய பாடத்தில் வருவதால், மாணவர்கள் இதைப் படை திரட்டும் செய்தியாக மட்டுமே விளங்கிக்கொள்கின்றனர். அதுவும் உண்மைதான். ஆயினும் இன்னொரு பக்கம் உண்டு. அன்றைய மதீனா, ஊரைவிட்டு வந்தவர்களால் நிரம்பிய நகரம். வீடும் குடும்பமும் இல்லாதவர்கள் பள்ளிவாசலின் திண்ணையிலேயே தங்கினர். அவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். அந்த நகரத்தில் பெயர் எழுதப்பட்டபோது செல்வந்தரான அன்ஸாரியும் திண்ணையில் படுத்திருந்த ஏழையும் ஒரே ஏட்டில் வந்தனர். பின்னர் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திவான் என்னும் பதிவேடு ஏற்பட்டபோது, பிறந்த குழந்தைக்கும் அதில் பெயரும் பங்கும் கிடைத்தன.

ஏழைகள் தம்மைத் தாமே எண்ணி எழுதிக்கொண்ட வரலாறு ஒன்று நம் காலத்திலும் நடந்திருக்கிறது. அதன் களம் பம்பாய். அதில் பெரும்பங்கு எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுடையது. அவர்களுள் பலர் முஸ்லிம் தாய்மார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். இருந்தும் நம் சமூகத்தில் இந்த வரலாற்றைக் கேள்விப்பட்டோர் மிகச் சிலரே.

நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பம்பாய் அந்நிய ஊரன்று. தாராவியின் கதையில் நம் வட்டாரத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்து முஸ்லிம்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினர். அந்தத் தொழிலை நம்பித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து ஆதிதிராவிட மக்களும் முஸ்லிம்களும் சென்று குடியேறினர். அப்போது அது மீனவர் வாழ்ந்த உப்பங்கழியோரச் சதுப்பு நிலம். தாராவியின் மிகப் பழைய பள்ளிவாசலான படீ மஸ்ஜித் 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்குள்ள பழைய பிள்ளையார் கோயில் 1913ஆம் ஆண்டு கட்டப்பட்டது. கால் பதியாத சேற்றில் மண்ணும் குப்பையும் கொட்டி நிலமாக்கியவர்கள் அங்கே குடியிருந்த மக்களே. அந்த நிலத்துக்கு விலை ஏறிய பிறகுதான் அது யாருடையது என்ற கேள்வி எழுந்தது.

ஜோக்கின் அற்புதம் 1963ஆம் ஆண்டு பம்பாய் வந்து சேர்ந்தார். தச்சு வேலை தெரிந்த இளைஞர், தங்க இடமில்லை. மான்கூர்டு பகுதியில், அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் ஒதுங்கினார். நகரின் வேறு பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை 1950களில் அரசே கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. தண்ணீரும் கழிப்பறையும் அங்கே போதுமான அளவில் இல்லை. குப்பை அள்ள யாரும் வருவதில்லை. ஜோக்கின் அங்குள்ள பிள்ளைகளைத் திரட்டிப் பாட்டும் படிப்புமாக ஒரு பள்ளியைப் போல நடத்தினார்.

மாநகராட்சியிடம் எத்தனையோ முறை முறையிட்டும் குப்பை அகலவில்லை. ஒருநாள் அந்தப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டி எடுத்துவரச் சொன்னார். ஊர்வலமாகச் சென்று மாநகராட்சி அலுவலகத்தின் வாசலில் அவற்றைக் கொட்டினர். அதிகாரிகள் அதன்பிறகே பேச்சுக்கு இறங்கி வந்தனர். இந்த நிகழ்ச்சியை ஜோக்கின் வாழ்நாள் முழுவதும் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார். இதைப் படிக்கும் வாலிபர்கள் நாளையே குப்பையோடு நகராட்சிக்குக் கிளம்பிவிட வேண்டாம். அங்கே கவனிக்கத்தக்கது, அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாய்தந்தையர் அவர்களை அனுப்பி வைத்தார்கள் என்பதே. ஓர் அந்நிய வாலிபனை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் நிலை ஒரே நாளில் ஏற்படுவதன்று.

ஜனதா காலனியின் நிலம் அணு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தேவைப்பட்டது. வெளியேற்ற உத்தரவு வந்தது. மக்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இதற்கிடையே நெருக்கடி நிலை வந்தது. 1976ஆம் ஆண்டு மே மாதம், ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த அந்தக் குடியிருப்பு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அவர்களைச் சில கிலோமீட்டர் தொலைவில் சீட்டா கேம்ப் என்னுமிடத்தில் கொண்டுபோய் இறக்கினர். இன்றும் தமிழர்களும் முஸ்லிம்களும் பெருமளவில் வாழும் பகுதி அது. ஜோக்கின் பலமுறை கைது செய்யப்பட்டார். சிறிது காலம் நாட்டைவிட்டே வெளியேறி இருக்க நேர்ந்தது. 1970களின் நடுவில் அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, அந்தத் தோல்விக்குப் பிறகு வேறு வழியைத் தேடியது. வழக்கும் ஊர்வலமும் மட்டும் குடிசையைக் காப்பாற்றுவதில்லை என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தனர்.

இதே 1976இன் தொடக்கத்தில் மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைப்பகுதிகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, எண்ணப்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. நடைபாதையில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வரவில்லை. இந்தச் சிறிய செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1981ஆம் ஆண்டு ஜூலை மாதம், கொட்டும் மழையில், நடைபாதைக் குடிசைகளை அகற்ற அன்றைய மாநில அரசு உத்தரவிட்டது. குடிசைகளை இடித்து, மக்களைப் பேருந்துகளில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பும் திட்டம். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் சேலம் மாவட்டத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த நிலமற்ற விவசாயக் கூலி ஒருவரும் இருந்தார். குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பப்பட்ட அவர், பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கே திரும்பினார். அவரும் பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸும் வேறு சிலரும் தொடுத்த வழக்குகளில் 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று அத்தீர்ப்பு கூறியது. சட்டக் கல்லூரிகளில் இன்றளவும் கற்பிக்கப்படும் தீர்ப்பு இது. ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதையை ஆக்கிரமிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றும், மழைக்காலம் முடிந்தபின் உரிய அறிவிப்போடு அகற்றலாம் என்றும் கூறிவிட்டது. மாற்று இடம் யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்களுக்கு. அன்று ஏட்டில் விடுபட்டவர்கள், ஒன்பது ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்திலும் விடுபட்டுப் போயினர்.

இந்த நிலையில்தான் பைகுல்லா நடைபாதைப் பெண்கள் வரலாற்றுக்குள் வருகின்றனர். சமூகப் பணியாளர் ஷீலா பட்டேலும் அவருடைய தோழியரும் 1984இல் ஸ்பார்க் என்னும் அமைப்பைத் தொடங்கி, அந்த வட்டாரத்து நடைபாதைப் பெண்களோடு பழகிவந்தனர். பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து, சாலையோரச் சுவரில் சாக்கும் தகரமும் சாய்த்து வாழ்ந்த குடும்பங்கள் அவை. முஸ்லிம் குடும்பங்கள் அவற்றில் ஏராளம். தீர்ப்பு வந்ததும் செய்தித்தாள்கள் நடைபாதைவாசிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. திருடர்கள், சோம்பேறிகள், நேற்று வந்தவர்கள் என்றெல்லாம் பேச்சு. அவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

ஸ்பார்க்கும் அந்தப் பெண்களும் சேர்ந்து எண்ணத் தொடங்கினர். மழை ஓய்வதற்குள் சுமார் 6,000 குடும்பங்களை, 27,000 பேரை எண்ணி முடித்தனர். 'நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் அந்த அறிக்கை 1985இலேயே வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பல்லாண்டுகளாக அங்கேயே வாழ்பவர்கள். வேலைக்கு நடந்தே செல்லக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே நடைபாதையைத் தேர்ந்தவர்கள். நகரத்தின் மிக மலிவான உழைப்பைத் தருபவர்கள். இந்த விவரங்கள் வெளிவந்தபின் பேச்சின் தொனி மாறியது. அஞ்சியதைப் போன்ற பெருந்திரளான வெளியேற்றம் அந்த ஆண்டு நடைபெறவில்லை. இடிக்கும் வண்டி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் பெண்கள் ஒரு வழி கண்டனர். வண்டி வருவதற்குள் தம் குடிசையைத் தாமே பிரித்து, தகரத்தையும் கட்டையையும் பாத்திரத்தையும் ஓரமாக அடுக்கிவிடுவர். இடித்தால் பொருள் போய்விடும். பிரித்தால் மாலையில் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

1986இல் அந்தப் பெண்கள் மஹிளா மிலன் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தனர். நாள்தோறும் ஒருத்தி வீடுவீடாகச் சென்று, ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ சேமிப்பு வாங்குவாள். எழுத்தறிவு இல்லாததால் ஒவ்வொருத்திக்கும் ஒரு சிறு நெகிழிப் பை. அதில் ஒவ்வொரு தொகைக்கும் ஒவ்வொரு நிறத்தில் காகிதத் துண்டு. அதுதான் கணக்குப் புத்தகம். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வேலை இல்லாத நாளுக்கும் அந்தப் பணம் கைகொடுத்தது. பணத்தைவிட முக்கியமானது அந்த நடை. தினமும் வாசலுக்கு வருபவளுக்குத்தான் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் கணவன் அடிக்கிறான், யாருடைய மகள் பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் தெரியும். பிற்காலத்தில் அவர்கள் கொடுத்த சில கடன்களில் மேல்தொகை வாங்கப்பட்டதுண்டு. அது நமக்கு ஆகுமானதன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அழகிய கடனும் பைத்துல்மாலும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் நம் பைத்துல்மால்களில் பலவும் ஏழை படியேறி வரட்டும் என்று அலுவலகத்தில் காத்திருக்கின்றன. தினமும் தெருவில் நடப்பவர் எவர்?

வீடு கேட்கப் போகுமுன் வீட்டைப் பற்றிக் கற்றார்கள். தம் சேலையை விரித்து அறையின் நீள அகலத்தை அளந்தனர். எத்தனை பேர் படுக்கலாம், அடுப்பு எங்கே, கதவு எந்தப் பக்கம் என்று பேசினர். 14 அடி உயரமுள்ள ஓர் அறை, அதன் பாதியில் ஒரு மேல்தட்டு. பகலில் வேலைக்கும் இரவில் உறக்கத்துக்கும் ஆகும். அதன் முழு அளவு மாதிரியை 1987இல் மக்கள் பார்வைக்கு வைத்தனர். அதிகாரிகளும் பொறியாளர்களும் வந்து பார்த்தனர். பேச்சு வாராதவர்கள் என்று கருதப்பட்ட அந்தத் தாய்மார்கள் செங்கல் விலையும் சிமெண்டு கணக்கும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். இத்தனைக்குப் பிறகும் முதல் குடும்பங்கள் மான்கூர்டில் அடுக்குமாடி வீட்டில் குடியேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மாதிரி வீட்டுக்கு அளவெடுத்த பெண்களில் சிலர் பாட்டிகளாகி அந்தப் படிகளில் ஏறினர்.

அடுத்து, கழிப்பறை. நாகரிகமானவர்கள் இதைப் பேசத் தயங்குவர். ஃபிக்ஹு நூல்களோ தொடக்க அத்தியாயத்திலேயே பேசுகின்றன. 1999ஆம் ஆண்டு புனே மாநகராட்சி ஆணையராக இருந்த ரத்னாகர் கெய்க்வாட், குடிசைப்பகுதிகளில் பொதுக் கழிப்பறைகள் கட்டும் பணியைத் தொண்டு அமைப்புகளிடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகளுக்குள் 400க்கும் மேற்பட்ட கழிப்பறைக் கட்டடங்கள் எழுந்தன. கணிசமானவற்றை மஹிளா மிலன் பெண்களே ஒப்பந்தம் எடுத்துக் கட்டினர். ஏற்கெனவே அரசு கட்டிய கழிப்பறைகள் ஏன் பாழாயின என்பது அவர்களுக்குத் தெரியும். அவற்றில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வாயில் வைத்தனர். பெரியவர்களின் வரிசையில் பிள்ளைகள் தள்ளப்பட்டு வெளியே சாக்கடை ஓரத்தில் அமர்வதைப் பார்த்துச் சலித்தவர்கள், பிள்ளைகளுக்கென்று தனி இடம் அமைத்தனர். சிறிய குழி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. துப்புரவு பார்ப்பவரின் குடும்பம் மாடியிலேயே குடியிருக்க ஓர் அறை. ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய். அந்தப் பணத்தில் பராமரிப்பு. தூய்மையைப் பற்றிய நபிமொழியை நாம் ஒளூச் செய்யும் இடத்தின் சுவரில் அழகிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அதன் விரிவுரையைப் புனேயின் குடிசைப் பெண்கள் சிமெண்டிலும் செங்கல்லிலும் எழுதினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

எல்லாம் நன்மையாகவே முடிந்தன என்று சொல்வது வரலாறாகாது. ரயில் பாதையோரக் குடிசைகள் அகற்றப்பட்டபோது இந்த அமைப்புகள் அரசுடன் சேர்ந்து மறுகுடியேற்றப் பணி செய்தன. அது சரிதானா என்று சக போராளிகளே கேட்டனர். புதிய கட்டடங்களின் நெருக்கம், வேலைத்தலத்திலிருந்து தொலைவு, கடைகளை இழந்தோரின் இழப்பு ஆகியவை பற்றிய முறையீடுகள் உலக வங்கியின் ஆய்வுக் குழு வரை சென்றன. அவற்றில் நியாயம் இருந்தது.

தாராவிக்குத் திரும்புவோம். 1985இன் இறுதியில் பிரதமர் ராஜீவ் காந்தி தாராவியைப் பார்வையிட்டு, பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். கட்டடங்கள் சில எழுந்தன. பின்னர் 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் வந்தன. பம்பாய்க் கலவரங்களில் 900 பேர் கொல்லப்பட்டதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள். தாராவியும் எரிந்தது. கட்டடத்தைவிடக் கட்டுவதற்குக் கடினமானது ஒன்று உண்டென்று அப்போது தெரிந்தது. பாவு கோர்டே என்ற இந்துப் பெரியவரும் வகார் கான் என்ற ஆயத்த ஆடைத் தொழில் செய்த முஸ்லிமும் அந்தச் சாம்பலில் நின்று பணி தொடங்கினர். தெருத்தெருவாக முஹல்லா கமிட்டிகளுக்கு ஆள் சேர்த்தனர். காவல் நிலையத்தையும் பொதுமக்களையும் ஒரே அறையில் அமர்த்தினர். நான்கு சமயத்துப் பிள்ளைகளின் உடையில் நான்கு சிறுவர்கள் நிற்கும் ஒரு சுவரொட்டியை வகார் கான் தம் செலவில் அச்சிட்டுப் பரப்பினார். இவ்விருவரைப் பற்றி 2003இல் 'நாதா' என்ற ஆவணப்படம் வெளிவந்தது. அச்சொல்லுக்கு உறவு என்று பொருள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் பயான் செய்யும்போது, அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாக மட்டுமே இருப்பார் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இந்தியாவுக்கு வெளியே ஒரு சான்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆக்ராவில் பிறந்து, வெள்ளையர் ஆட்சியின் ஐ.சி.எஸ். பதவியை வங்கப் பஞ்சத்துக்குப் பின் உதறி, அலிகர் அருகே பூட்டுத் தொழிலாளியாக உழைத்தவர் அக்தர் ஹமீது கான். முதுமையில், 1980இல், கராச்சியின் ஒராங்கி குடிசைப்பகுதிக்குச் சென்றார். தெருக்களில் கழிவுநீர் தேங்கி நின்றது. மக்களிடம் கேட்டபோது, வீட்டுக்குள் எங்களுடையது, வாசலுக்கு வெளியே அரசாங்கத்தினுடையது என்றனர். அவர் ஒரு சந்தை, அதாவது இருபது முதல் நாற்பது வீடுகளை, ஓர் அலகாகக் கொண்டார். சந்துக்காரர்கள் கூடித் தமக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்து, பணம் திரட்டி, தாமே வாறுகால் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டும். வரைபடமும் தொழில்நுட்பமும் மட்டும் அவருடைய குழு தரும். ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு மிகவும் குறைந்தது. பல்லாயிரம் வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தது. அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர், குடிசை நிலங்களை ஆவணப்படுத்தி வந்த காலத்தில், 2013 மார்ச் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழையின் வீட்டை வரைபடத்தில் குறிப்பது சிலருக்கு அவ்வளவு அச்சமூட்டுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. ஊர் பெருகுகிறது, மனை விலை ஏறுகிறது, சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மட்டுமன்றி வடமாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருக்கின்றனர். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இன்னும் பலர் வருவர். துண்டும் பனியனும் விற்பவர், எண்ணெய் தேய்ப்பவர், பழக்கடை போடுபவர், ஓட்டல்களில் பாத்திரம் கழுவுபவர். சீசன் முடிந்ததும் சிலர் போய்விடுவர். சிலர் இங்கேயே தங்கிவிடுவர். அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் குப்பையும் நம் தெரு வாறுகால்களின் கழிவும் ஒரே சிற்றாற்றில்தான் சேர்கின்றன.

நம் ஜமாஅத்களிடம் பதிவேடு இருக்கிறது. பம்பாய்ப் பெண்கள் வெறுங்கையோடு தொடங்கியதை நாம் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கிறோம். தலைக்கட்டு, வரி, நிக்காஹ், மௌத் எல்லாம் அதில் எழுதப்படுகின்றன. ஆனால் அது வரி கொடுப்போரின் ஏடு. வாடகைக்கு வந்தவர், வரி பாக்கி வைத்தவர், கணவனால் கைவிடப்பட்டுத் தாய்வீட்டுத் திண்ணையில் இருப்பவள், வேற்றூரிலிருந்து வந்து கூலிவேலை செய்யும் குடும்பம் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் அதில் இரா. ஜகாத் பங்கிடும்போதும் கல்வி உதவி கொடுக்கும்போதும் அந்த ஏட்டைத்தான் திறக்கிறோம். நகராட்சியிடம் வாறுகால் கேட்கப் போகும்போதும் அதே ஏட்டின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறோம். மினாராவுக்கும் மார்பிளுக்கும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் வசூல் செய்வதில் நாம் திறமையானவர்கள். பள்ளிவாசலின் பின்புறச் சந்தில் தேங்கும் கழிவுநீருக்காக ஒரு வசூல் நடந்ததை நான் கண்டதில்லை.

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு பெண்மணி இறந்தபோது, அவர் எளியவர் என்பதால் தோழர்கள் நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாமல் விசாரித்த நபியவர்கள், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ருக்கே சென்று தொழுவித்தார்கள். கூட்டிப் பெருக்கிய பெண் ஒருத்தி வரவில்லை என்பதை அந்தத் தலைவர் கவனித்திருந்தார்கள்.

சென்ற ஆண்டு, மதரஸாவின் மூத்த மாணவர்களை இரண்டிரண்டு பேராக ஒரு முஹல்லாவின் சந்துகளுக்கு அனுப்பினேன். வரி நோட்டை எடுத்துச் செல்ல வேண்டாம், அடுப்புகளை எண்ணி வாருங்கள் என்றேன். முஸ்லிம் வீடா இந்து வீடா என்ற வேறுபாடின்றி, சொந்த வீடா வாடகையா, எத்தனை பேர், குழாய் உண்டா, கழிப்பறை உண்டா, பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா என்ற ஐந்து கேள்விகள் மட்டும். முதல் நாள் சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. வட்டிக்காரன் ஆள் என்று நினைத்தார்கள் போலும். பிறகு பெண்கள் மதரஸாவின் ஆலிமாக்கள் இருவர் உடன் சென்றதும் கதவுகள் திறந்தன. திரும்பி வந்த மாணவர்கள் அன்று மதியச் சாப்பாட்டின்போது வழக்கம்போல் பேசிக்கொள்ளவில்லை. பள்ளிவாசலிலிருந்து பாங்கு தெளிவாகக் கேட்கும் தொலைவில், ஜமாஅத் ஏட்டில் இல்லாத வீடுகள் அத்தனை இருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கவில்லை. ஒரு வீட்டில் வயதான தாய் ஒருவர், எங்கள் பெயரையும் எழுதுவீர்களா தம்பி என்று கேட்டாராம்.

அந்தத் தாள்களை ஜமாஅத் நிர்வாகிகளிடம் கொடுத்திருக்கிறோம். வரி கொடுக்காதவர்களை ஏட்டில் சேர்த்தால் நாளை மைய்யவாடியிலும் பொதுக்குழுவிலும் உரிமை கேட்பார்களே என்று ஒருவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை, பல ஊர்களில் ஜமாஅத் பிளந்தது இத்தகைய கேள்விகளால்தான். முத்தவல்லி பெரியவர் நெடுநேரம் யோசித்து, வரி ஏடு அப்படியே இருக்கட்டும், இதற்கென்று தனியாக ஒரு பேரேடு தைக்கச் சொல்லுங்கள் என்றார். பேரேடு தைத்து வந்துவிட்டது. ஷஃபான் பிறப்பதற்குள் எழுதி முடித்து, பின்புறச் சந்தின் வாறுகால் மனுவோடு அதன் பிரதியையும் நகராட்சியில் கொடுப்பதாகத் தீர்மானமாகியிருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தத் தாயின் வீட்டு எண்ணை எழுதியவன் என் மாணவர்களில் மிக இளையவன்.